பேண்டஸி கதை எழுதுறவங்களுக்கு, பாரம் இழுக்கிற குதிரைக்காக ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே, கேம் உருவாக்குறவங்களே,

உங்க ராஜ்யங்களுக்குள்ள ரொம்ப வருஷமா சுத்திட்டிருக்கிற வாசகன் நான். ஹீரோ ஏறுற குதிரைக்கு பேரு, வம்சம், நெத்திச்சுட்டி வரைக்கும் எழுதிடறீங்க, ஆனா மலை உச்சி கோட்டைக்கு அத்தனை கல்லு எப்படி போச்சு, படைக்கு மாவு மூட்டைய எது இழுத்துட்டு வந்துச்சுன்னு தேடினா ஒரு வரி கூட இல்ல, அது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

இங்கிலாந்துல ஒரு உழவுப் போட்டியில, ஷையர்னு பாரம் இழுக்கிற பெரிய இனக் குதிரை ஜோடிய பக்கத்துல நின்னு பாத்தேன். ஒவ்வொண்ணும் ஒரு டன் பக்கம் இருக்கும், முதுகே என் உயரத்துக்கு. ஏர்க்காரர் சாட்டைய தொடவே இல்ல, மெதுவா ஒரு வார்த்தை சொன்னாரு, ரெண்டும் தலைய தாழ்த்தி, கழுத்த சுத்தி மாட்டியிருந்த தடிச்ச காலர்ல தோள குடுத்து சாஞ்சுச்சு, தொங்கிட்டிருந்த சங்கிலி விறைச்சுது, பின்னங்குளம்பு மண்ணுல அழுந்துச்சு, அப்புறம்தான் கொழு நகந்துச்சு. அந்த ஒரு நொடிய நான் எந்த பேண்டஸியிலயும் படிச்சதில்ல.

அந்த காலர் சாதாரண விஷயம் இல்லங்க. நம்ம மாட்டுக்கு திமில் இருக்கு, நுகத்தடி அதுக்கு முன்னாடி உக்காந்துக்கும். குதிரைக்கு அது கிடையாது, தொண்டையில வார் அழுத்தினா மூச்சு முட்டும், அதனால பாரம் தோள்ல இறங்குற மாதிரி ஒரு காலர் வேணும். உங்க உலகத்துல ஒரு நாட்டுக்காரன் மட்டும் அத கண்டுபிடிச்சான்னு வைங்க, அவன் உழுற நிலமும் ஏத்துற சரக்கும் எங்கயோ போயிடும், அதுக்கு மந்திரமே தேவையில்ல.

அப்புறம் தீனி. இந்த சைஸ் குதிரைக்கு நாளைக்கு 15 கிலோவுக்கு மேல வேணும், தண்ணி 50 லிட்டர் பக்கம். 200 வண்டிக்குதிரைன்னா ஒரு நாளைக்கே 3 டன், மேய்ச்சல் இல்லாத பாலைவனத்துல 10 நாள் போகணும்னா 30 டன், அத இழுக்க இன்னும் குதிரை, அதுங்களுக்கும் தீனி... உங்க சேனாதிபதி ராத்திரி தூங்காம உக்காந்து யோசிக்க வேண்டிய கணக்கு இதுதான், டிராகன் அப்புறம்.

இன்னொண்ணு, போர்வீரன இந்த மாதிரி ராட்சச குதிரை மேல ஏத்தாதீங்க. இங்கிலாந்துல கிடைச்ச இடைக்கால குதிரை எலும்புகள அளந்து பாத்தவங்க, அதுல பெரும்பாலானது இன்னைக்கு போனின்னு சொல்ற குட்டைக் குதிரையோட உயரம்தான்னு சொல்றாங்க. பெருசு வேணும்னா 1846ல பெட்ஃபோர்ட்ஷையர்ல பிறந்த சாம்சன்னு ஒரு ஷையர், தோள் உயரமே ஏழடிக்கு மேல, அத ஏர்லயோ வண்டியிலயோ பூட்டிப் பாருங்க.

ஊரு மண்ணு எப்படின்னு பாத்து அதுக்கேத்த மாதிரியும் உங்க கதையில குதிரைய படைக்கலாம். இங்கிலாந்துல சஃபோக் பக்கம் களிமண் பூமி, அங்க வளத்த 'சஃபோக் பஞ்ச்'ங்கிற குதிரை இனத்துக்கு ஷையர் மாதிரி கால்ல நீள முடி கிடையாது, அதனால சேறு அப்பிக்காது. இப்ப அந்த இனமே அழியிற நிலைமையில இருக்கு, அத நெனச்சாதான் இந்த மடல எழுதணும்னு இன்னும் தோணுச்சு.

அடுத்த கதையில ஒரே ஒரு வண்டிக்காரன் வரட்டும். பொழுது சாஞ்சதும் காலர கழட்டிட்டு, தான் சாப்பிட போறதுக்கு முன்னாடி, குதிரையோட தோள்ல கைய வச்சு எங்கயாவது சூடா இருக்கா, புண்ணு பட்டிருக்கான்னு தடவிப் பாக்கட்டும்.

அன்புடன்,
உங்க வாசகன்