செங்கற்பட்டுக்கும் பிரேசிலுக்கும் ஒரே நிறமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான வெப்பமண்டலப் பைச் சிலந்திகள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால் அதனுடன் அச்சிடப்பட்ட பரவல் வரைபடத்தில், யூட்டிக்யூரஸ் என்னும் பைச் சிலந்திப் பேரினத்திற்காகப் பிரேசில், பெரு, ஈக்வடார், கொலம்பியா ஆகிய நாடுகளுக்குத் தீட்டிய அதே பச்சை நிறத்தை இந்தியா முழுவதற்கும் தீட்டியிருப்பது பொருத்தமாகப் படவில்லை.

1897இல் பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன் நிறுவிய இப்பேரினத்தின் இனங்களில் மிகப் பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1994இல் சிலந்தி ஆய்வாளர் பொனால்டோ செய்த மீளாய்வு மேலும் பல அமெரிக்க இனங்களைச் சேர்த்தது. இந்தியா பட்டியலில் இடம்பெற்றதோ, 1991இல் ஆய்வாளர்கள் மஜும்தாரும் திக்காதரும் செங்கற்பட்டின் பெயரைச் சூட்டி விவரித்த இனத்தைப் போன்ற மிகச் சில பதிவுகளால்தான். அவர்களது உழைப்பைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இரண்டு பெருங்கடல்களையும் ஆப்பிரிக்காவையும் தாண்டி ஒரு பேரினம் இப்படித் துண்டாகத் தென்படும்போது, அந்த மாதிரிகள் உண்மையில் அப்பேரினத்தைச் சேர்ந்தவைதாமா என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி.

இந்த ஐயம் காரணமற்றதன்று; அந்த மாதிரிகள் ஒத்த தோற்றமுடைய வேறு பேரினத்தவையாகவும் இருக்கலாம். இதே குடும்பத்தின் கைரகாந்தியம் பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா எங்கும் பரவியிருக்க, அமெரிக்கக் கண்டங்களில் இரண்டே காணப்படுகின்றன. அவற்றுள் மில்டெய் என்னும் இனம் மனிதரோடு சேர்ந்து அங்கே போய்க் குடியேறியது. வெளிர் மஞ்சள் உடல், இரு வரிசையில் எட்டுக் கண்கள், இரவில் இரைதேடல், சுருட்டிய இலைக்குள் பட்டுப் பை ஆகியவற்றை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்துப் பேரினங்களைப் பிரித்தறிய முடியாது. சாராயத்தில் இட்ட மாதிரிகளோ நாளடைவில் நிறமும் வெளுத்துவிடும். ஆணின் உணர்காலில் (வாயருகே உள்ள சிறு கால் போன்ற உறுப்பில்) உள்ள இனப்பெருக்க உறுப்பையும், பெண்ணின் அடிவயிற்றுத் தகட்டையும் நுண்ணோக்கியில் பார்த்து, அமெரிக்க மாதிரிகளுடன் ஒப்பிட்டே முடிவு சொல்ல வேண்டும்.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கட்டுரை இப்பேரினத்தைக் குளுபியோனிடே குடும்பத்தில் வைத்திருக்கிறது. அது பழைய நூல்களின் வழக்கம். ஆய்வாளர் லெஹ்டினென் 1967இல் யூட்டிக்யூரஸுக்கும் அதன் உறவுப் பேரினங்களுக்கும் தனித் துணைக்குடும்பம் வகுத்தார். பின்னர் மிட்டுர்ஜிடே என்ற குடும்பத்தில் இருந்த அதை 2014இல் ஆய்வாளர் ரமிரெஸ் யூட்டிக்யூரிடே என்ற தனிக் குடும்பமாக உயர்த்தினார். ஆனால் கைரகாந்தியம் பேரினத்தை வைத்து வாக்னர் என்ற ஆய்வாளர் 1887இலேயே இட்ட பெயர் மூத்தது என்பதால், முன்னுரிமை அதற்கே உரியதாகி, இன்று அக்குடும்பம் கைரகாந்தியிடே எனப்படுகிறது. தன் பெயரைக் குடும்பத்துக்குத் தந்த யூட்டிக்யூரஸ், இப்போது வேறொரு பேரினத்தின் பெயரைத் தாங்கிய குடும்பத்தில் ஓர் உறுப்பினர் மட்டுமே என்பது சற்று வேடிக்கைதான்.

ஆகவே அடுத்த இதழில் குடும்பப் பெயரைத் திருத்தி, வரைபடத்தில் இந்தியா முழுவதும் தீட்டிய நிறத்தை நீக்கி, மாதிரி கிடைத்த இடங்களில் மட்டும் கேள்விக்குறியோடு புள்ளியிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்