நான்கு முழத் தூரம்: மதத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

வழிபாட்டிடங்களை நிர்வகிப்பவர்கள், மேடையில் நின்று போதிப்பவர்கள், உறுப்பினர் ஏட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் என எல்லா மதங்களிலும் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் எந்த மதத்தைச் சேர்ந்தவள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த மதத்தார் மறுப்பு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர்கள் "இது நமக்கில்லை" என்று மடலைக் கீழே வைத்துவிடுவார்கள். இது உங்கள் எல்லோருக்கும்தான்.

நான் கடவுளை நம்புகிறவள். விடியுமுன் எழுந்து, சிறு வயதில் மனப்பாடமான வேண்டுதல்களையே இன்றும் சொல்கிறேன். "கடவுள் போதும், மதம் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போன நாள்களில் எனக்குச் சொல் கொடுத்தது யாரோ தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்த வழிபாடுதான். அதைக் காத்தது ஓர் அமைப்பு. ஆகவே, மத அமைப்பே வேண்டாம் என்று சொல்லும் மடலாக இதைப் படிக்காதீர்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டுக்குள் வருகிறவருக்குத் தரும் மரியாதையை, அதைவிட்டு வெளியே போகிறவருக்கும் தாருங்கள்.

என் அண்ணன் 34ஆம் வயதில் எங்கள் மதத்தைவிட்டு விலகினான். யாரும் ஆசை காட்டி அழைக்கவில்லை. ஆறேழு வருடம் படித்தான், எங்கள் குருமார்களிடமே போய்க் கேள்வி கேட்டான், எத்தனையோ இரவுகள் அப்பாவோடு உட்கார்ந்து பேசினான். கடைசி இரவில் அவன் அப்பாவிடம் கேட்டதைப் பக்கத்து அறையிலிருந்து நானும் கேட்டேன். "நம்பாததை நம்புவதாகச் சொல்லிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்று கைகூப்பினால், நான் ஏமாற்றுவது உங்களையா அப்பா, கடவுளையா?" அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போய்த் தூங்கு" என்றார். மறுநாள் காலையில் அவனோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

அவனை விலக்கியவர்கள் எங்கள் வழிபாட்டிடத்தின் நிர்வாகிகள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். அவனோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை, நல்லது கெட்டதுகளுக்கு அழைப்பதில்லை என்று எழுதியிருந்த தாளை அப்பா முன் நீட்டினார்கள். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை இறக்கிவைக்க முடியவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அப்பா இறந்தார். வழிபாட்டிடத்தில் கடைசிப் பிரார்த்தனை நடந்தபோது அண்ணன் வெளிக்கதவுக்கு அப்பால், சாலையின் மறுபக்கம் நின்றான். உள்ளே வரக் கூடாது என்று ஒருவரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். முகத்தையாவது பார்க்கட்டும் என்று அம்மா கெஞ்சினாள். நியதி என்றார்கள்.

அண்ணன் போய்ச் சேர்ந்த இடமும் இதில் தூய்மையானது இல்லை. எங்களை இருளில் கிடப்பவர்கள் என்று அங்கே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் எனக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் அண்ணனாக எழுதாமல் ஆள் சேர்ப்பவனாகவே எழுதினான். பிறகு அவனுக்கே அது புரிந்து நிறுத்திக்கொண்டான்.

பல வருடம் கழித்து, ஸ்பினோசா என்ற தத்துவ அறிஞரைப் பற்றிப் படித்தேன். 1656 ஜூலை 27 அன்று, ஆம்ஸ்டர்டாமின் போர்த்துகீசிய யூத சமூகம் அவரை விலக்கிவைத்தது. அப்போது அவருக்கு 23 வயது. அவரோடு யாரும் பேசக் கூடாது, அவருக்கு எழுதக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, நான்கு முழத் தூரத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது ஆணை. நான்கு முழம் என்ற அளவைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் அண்ணனை நிறுத்திவைத்த தூரம் அதைவிடப் பல மடங்கு.

அந்த ஆணையைப் பிறப்பித்தவர்கள் யார் என்பதுதான் என்னை இன்னும் வாட்டுகிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, 1497இல் போர்த்துகலில் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகி, மத விசாரணை மன்றங்களுக்கு அஞ்சித் தலைமுறைகளாக மறைந்து வாழ்ந்து, கடைசியில் ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். வெளியே தள்ளப்படுவதன் வலியை அவர்களைவிட அறிந்தவர் யார்? அங்கு மட்டுமா? தங்கள் வழிபாட்டைத் தங்கள் விருப்பப்படி நடத்த வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து அமெரிக்காவின் மாசசூசெட்சில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், 1660 ஜூன் 1 அன்று மேரி டையர் என்ற பெண்ணைப் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கையைக் கைவிடாமல், தடையை மீறி ஊருக்குள் திரும்பி வந்தாள் என்பதே அவள் குற்றம். நீங்கள் எந்த மதத்தின் தலைவராக இருந்தாலும், உங்கள் முன்னோர் எங்கோ ஒரு காலத்தில் சாலையின் மறுபக்கம் நிறுத்தப்பட்டிருப்பார்கள். அந்தக் கதைகளை நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுப்பதை நானே கேட்டிருக்கிறேன். அதே குரல் எப்படி என் அம்மாவிடம் நியதி பேசியது?

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவாக 48 வாக்குகள், எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதன் 18ஆம் பிரிவு, ஒருவர் தம் மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் உரிமையை அந்தச் சொல்லாலேயே குறிப்பிடுகிறது. அந்தச் சொல்லுக்கு அன்றே எதிர்ப்பு இருந்தது. சவூதி அரேபியாவின் பிரதிநிதி ஆட்சேபித்தார். பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் முகமது ஜஃபருல்லா கான், நம்பிக்கையைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தம் மதத்தின் மறையையே மேற்கோள் காட்டி அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார். அவர் தம்மை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் அவருடைய நாட்டின் நாடாளுமன்றம் அகமதியர்கள் முஸ்லிம்களே அல்லர் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியது. தன் நம்பிக்கை இன்னது என்று சொல்லும் உரிமையை மற்ற எல்லோருக்காகவும் கேட்ட மனிதர், தம் முதுமையில் அதைத் தாமே இழந்து நின்றார்.

அந்தச் சொல்லுக்கும் அதே கதிதான். ஐக்கிய நாடுகள் அவையின் 1966ஆம் ஆண்டுக் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் "மாற்றிக்கொள்ளும்" உரிமை போய், விரும்பிய மதத்தை "கொண்டிருக்கவோ ஏற்கவோ" உரிமை என்று ஆனது. மத சகிப்பின்மைக்கு எதிராகவே 1981இல் கொண்டுவந்த பிரகடனத்தில் "ஏற்க" என்பதும் உதிர்ந்து, "கொண்டிருக்க" மட்டும் மிஞ்சியது. 1993இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு விளக்கம் எழுதி, மாற்றிக்கொள்வதும் எந்த மதமும் இல்லாமல் இருப்பதும் இந்த உரிமைக்குள் அடங்கும் என்று தெளிவுபடுத்த வேண்டிவந்தது. வழிபடும் உரிமையை எல்லோரும் கேட்கிறார்கள். விட்டுவிலகும் உரிமை என்றதும் குரல் இறங்கிவிடுகிறது, சொற்கள் மெலிந்துவிடுகின்றன.

இதற்குத் தீர்வாக எல்லா மதங்களும் ஒன்றே என்று மேடையில் அறிவியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் சொல்பவர்கள் எந்த மதத்தையும் பொறுமையாகக் கேட்டவர்கள் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அண்ணனின் நம்பிக்கை தவறு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். என்னுடையது தவறு என்று அவனும் நினைக்கிறான். அவனிடமே சொல்லியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறோம். ரோஜர் வில்லியம்ஸ் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். அவர் ஒரு கிறிஸ்தவப் போதகர்; மாசசூசெட்சிலிருந்து நாடு கடத்தப்பட்டு 1636இல் பிராவிடன்ஸ் என்ற புதிய குடியேற்றத்தை நிறுவியவர். அங்கே நம்பிக்கைக்காக யாரையும் தண்டிப்பதில்லை என்று வைத்தார். குவேக்கர்களின் போதனை அவருக்குச் சற்றும் பிடிக்காது. ஆனாலும் பக்கத்துக் குடியேற்றம் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய குடியேற்றம் அவர்களுக்கு இடம் தந்தது. 1672இல், எழுபதை நெருங்கும் வயதில், அவர்களோடு வாதம் செய்வதற்காக நியூபோர்ட் என்ற ஊருக்கு நாளெல்லாம் தாமே படகு வலித்துப் போனார். காரசாரமாக வாதிட்டார். வாதம் முடிந்த பிறகும் அவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். சகிப்புத்தன்மை என்று நான் சொல்வது இதைத்தான். உடன்பாடு இருக்கும் இடத்தில் சகிக்க என்ன இருக்கிறது?

வாசலைத் திறந்துவைத்தால் இளைஞர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். சிலர் போவார்கள். அது வலிக்கும், எங்கள் வீட்டுக்கும் வலித்தது. ஆனால் அண்ணனுக்கு நடந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு உங்கள் வரிசைகளில் நிற்கும் இளைஞர்கள் எனக்கு நெருக்கமானவர்கள். அவர்களுடைய உதடுகள் அசைகின்றன, மனம் என்றோ போய்விட்டது. அவர்களை எண்ணிக்கையில் சேர்த்து நீங்கள் மகிழ்கிறீர்கள். அச்சத்தால் நிற்பவரின் வேண்டுதலைக் கடவுள் எந்தக் கணக்கில் எழுதுவார்?

உள்ளே அழைப்பதிலும் இதே நேர்மை வேண்டும். நோயிலும் கடனிலும் தவிப்பவருக்கு ஒரு கையால் உதவியை நீட்டும்போது மறு கையில் உறுப்பினர் படிவம் இருக்கக் கூடாது. போகிறவரைத் தடுக்க அரசிடம் சட்டம் கேட்டுப் போகவும் கூடாது. இன்று உங்களுக்குச் சாதகமாக ஒருவரின் மனத்துக்குள் நுழையும் அதிகாரி, நாளை வேறொருவர் ஆணையோடு உங்கள் மனத்துக்குள்ளும் வருவார்.

விலக விரும்புகிறவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைக் கூட்டத்தில் வாசித்து அவமானப்படுத்தாதீர்கள். குடும்பத்தாரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள். வாங்கியவற்றைத் திருப்பிக் கொடுங்கள். அப்பா கையெழுத்திட்ட தாள் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

எங்கள் நிர்வாகிகளுக்குத் தனியாக ஒன்று. அம்மாவுக்கு இப்போது 81 வயது. அவளுடைய பிரார்த்தனைக்கும் அந்த இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அவள் ஆசை, என் ஆசையும்கூட. அன்று அண்ணன் உள்ளே வந்து அவள் தலைமாட்டில் நிற்கலாமா என்று கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. தபால் வரும் நேரத்தில் அம்மா வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை