குளம்பு மட்டும்தான் கண்ணில் பட்டதா?

மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வேளாண் இணைப்பில் மண்வளத்தைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, மூன்றாவது பத்தி வரைக்கும். அங்கே ஒரு வரி: "அறுவடைக்குப் பின் ஆடு மாடுகளை வயலில் விடுவது, மண்ணை இறுகச் செய்து வளத்தைக் கெடுக்கும் பழைய பழக்கம்." படித்துவிட்டுக் கையில் இருந்த காபியைக் குடிக்கவே மறந்துபோனேன். தொழில் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறீர்கள், நான் யார் மறுத்துப் பேச? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

நீடாமங்கலம் பக்கம் எனக்கு ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர் என்று சொன்னால் உங்கள் கட்டுரையாளருக்கும் புரியும். நல்ல களிமண். வீட்டுக்காரர் போன பிறகு 14 வருஷமாக நானே பார்க்கிறேன். மாமனார் காலத்திலிருந்தே சம்பா அறுத்த பிறகு ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், செம்மறி ஓட்டி வந்து எங்கள் வயலில் கிடை போடுவார்கள், ராத்திரி ஆட்டை வயலிலேயே அடைத்து எரு விழ வைப்பார்கள். இது உங்களுக்குத் தெரியாததா? டெல்டாவுக்கென்று தனிப் பதிப்பு நடத்துகிறவர்கள் நீங்கள்.

குளம்பு பட்டால் மண் இறுகும் என்பது பொய் இல்லை. ஈரக் களியில் மாட்டை விட்டால் ஒவ்வொரு அடியும் ஒரு குழியாகி, அதிலே தண்ணீர் நின்று, காய்ந்ததும் ஓடு மாதிரி ஆகும். அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் எங்கள் ஊரில். அதனால்தான் வயல் காய்ந்து வெடிப்பு விட்ட பிறகு கிடை போடுகிறோம். நாங்கள் அவசரப்பட்டாலும் கீதாரி வரமாட்டார். சேற்றில் ஆட்டை நிறுத்தினால் குளம்பு அழுகும், நஷ்டம் அவருக்கு. இந்த இரண்டு வரியை எழுத உங்கள் முழுப்பக்கத்தில் இடம் இல்லாமல் போனது.

ஆட்டின் குளம்பு கண்ணில் பட்ட கட்டுரையாளருக்கு, அதே வயலில் தை மாதம் ஈரம் காயும் முன்னே இறங்குகிற அறுவடை மிஷின் படவில்லையே, அது எப்படி? பல டன் எடை. அது திரும்பின இடத்தில் அடுத்த நடவுவரை தடம் தெரிகிறது. முன்னெல்லாம் கதிர் முற்றி நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவோம். ஆள் அறுத்த காலத்தில் அது தப்பிப் பிழைத்தது. இப்போது முளைத்துவரும் உளுந்தை மிஷின் நசுக்கிவிட்டுப் போகிறது. மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கிற ஒரு பயிர் பாதி வயலில் அப்படியே காணாமல் போனது. மிச்சம் இருக்கிற வைக்கோலையும் மிஷின் உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. இதைப் பற்றி இரண்டு வருஷம் முன்பு உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று வரியாக்கிப் போட்டீர்கள். அதிலும் 'உளுந்து' என்ற சொல்லே இல்லை. பரவாயில்லை.

நான் ஆராய்ச்சி செய்தவள் இல்லை. 2020-இல் ஊரடங்கு என் வயலில் ஓர் ஆராய்ச்சி செய்துவிட்டுப் போனது, அதைச் சொல்கிறேன். அந்த வருஷம் உளுந்து மிஷினில் போய்விட்டதால் வயல் தரிசாகக் கிடந்தது. பங்குனி பிறந்ததும் கிடை இறங்கியது. நானூறு ஆடு, ஏக்கருக்கு ஐந்து இரவு. தினமும் வலையை அவிழ்த்து அடுத்த இடத்தில் கட்டுவார்கள். குட்டிகள் குடாப்பு என்கிற கூண்டுக்குள். விடிவதற்கு முன்னே கீதாரி எழுந்து, "எந்திரிங்கடி" என்று குரல் கொடுத்துக்கொண்டே படுத்திருக்கிற ஆட்டையெல்லாம் கம்பால் தட்டி எழுப்பிவிடுவார். எதற்கு அண்ணே தூங்குற ஆட்டை எழுப்புறீங்க என்று புதிதாக நான் கேட்டபோது, "எழுந்தாத்தான் தாயி மூத்திரம் பெய்யும். மேய்க்கப் போற வழியில பெய்ஞ்சா உனக்கு என்ன பிரயோசனம்?" என்றார். புழுக்கையை மட்டும் எரு என்று எண்ணியிருந்த எனக்கு அன்றைக்குத்தான் பாடம். காலையில் அந்த இடத்தில் நின்றால் மூக்கில் ஏறும் நெடி இருக்கிறதே, அது அமோனியா, நாம் காசு கொடுத்து வாங்குகிற அதே தழைச்சத்து. வெயிலில் விட்டால் காற்றோடு போய்விடும். அதனால் கிடை நகர்ந்ததும் மறுநாளே ஓர் உழவு ஓட்டிவிடுவேன்.

பத்து இரவில் ஆறு மா முடிந்தது. ஊரடங்கு வந்தது. கூட இருந்த பையன்கள் பயந்துபோக, கீதாரி ஆட்டைக் கூட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டார். மூன்று மாவுக்குக் கிடை இல்லை. அந்த வருஷம் எட்டு வருஷம் கழித்து மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தார்கள், ஒன்பது மாவிலும் குறுவை வைத்தேன். ஆடுதுறை 43 ரக நெல். ஒரே நாற்று, ஒரே வாய்க்கால். கிடை போட்ட ஆறு மாவில் மேலுரம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். போடாத மூன்று மாவுக்கு மூன்று தடவை யூரியா போட்டும் பயிர் ஏமாற்றியது, கரும்பச்சை ஏறின இடமாகப் பார்த்து இலைச்சுருட்டுப் புழு வந்தது. அடுத்த கோடை உழவுக்கு வந்த டிராக்டர் தம்பிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவனே கேட்டான்: "என்னக்கா, இந்தப் பக்கம் மட்டும் கட்டி பெயராம பொலபொலன்னு வருது?" உங்கள் கட்டுரைப்படி இறுகியிருக்க வேண்டிய பக்கம் அது.

'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பழமொழி எல்லாம் விஞ்ஞானமா என்பீர்கள். சரி, வேளாண் பல்கலைக்கழகக் கணக்கையே பாருங்கள். ஆட்டு எருவில் தழைச்சத்து 3 சதவீதம், தொழு உரத்தில் அரை சதவீதம்.

கட்டுரையின் கடைசியில் மண்வள அட்டையைப் பார்த்து உரமிடச் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் அட்டை வந்தது. பன்னிரண்டு வகைச் சோதனை, அழகாக அச்சடித்திருந்தார்கள். பக்கத்து வயல்காரர் அட்டையையும் வாங்கிப் பார்த்தேன், புள்ளிகூட மாறாமல் அதே எண்கள். விசாரித்தால், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுப்பார்களாம், அதுதான் விதியாம். கிடை போட்ட ஆறு மாவும் போடாத மூன்று மாவும் அவருடைய வயலும் சேர்ந்து ஒரே மண்ணாகிவிட்டது. யூரியா கதை இன்னும் நன்றாக இருக்கும். குறைத்துப் போடட்டும் என்று 50 கிலோ மூட்டையை 45 கிலோ ஆக்கினார்கள். நாங்கள் மூட்டைக் கணக்கில் போடுகிறவர்கள் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்தான். இப்போது கடையில் மூட்டை கேட்டால் கூடவே நானோ யூரியா பாட்டிலும் எடுத்தால்தான் உண்டு என்கிறார்கள். என் வீட்டு அலமாரியில் திறக்காத பாட்டில் நான்கு இருக்கிறது, உங்கள் கட்டுரையாளருக்கு வேண்டுமானால் தருகிறேன்.

கிடையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சீமைக்கருவேலக் காயைத் தின்று வந்த ஆடு போட்ட புழுக்கையிலிருந்து வரப்போரம் கன்று முளைத்து, இரண்டு நாள் குனிந்து பிடுங்கியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்காக நீங்கள் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

இப்போது கிடை கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. மேய்ச்சல் புறம்போக்கு இருந்த இடத்தில் வீடு. கோடையில் பருத்தி போட்டவர்கள் ஆட்டைக் கண்டாலே கம்பை எடுக்கிறார்கள். கீதாரியின் மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். போன பங்குனியில் அவர் முந்நூறு ஆட்டோடுதான் வந்தார். இந்த நேரத்தில் உங்களைப் போன்றவர்கள் 'கெட்ட பழக்கம்' என்று அச்சடித்துவிட்டால், படித்த பிள்ளைகள் அதைக் காட்டித்தான் அப்பனோடு சண்டை போடுவார்கள். என் வீட்டிலேயே போட்டாயிற்று.

கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரே ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள். கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே 'தரிசில் மேயும் வெள்ளாடுகள்' என்று இருக்கிறது. படத்தில் இருப்பவை செம்மறிகள். வால் தொங்குகிறது பாருங்கள், வெள்ளாட்டுக்கு வால் தூக்கி நிற்கும். இந்தக் கடிதத்தையும் மூன்று வரியாக்குவதானால், இந்த வால் வரியை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.