மூக்குக்குள்ள என்ன வைக்கிறீங்கள் எண்டு தமிழில சொல்லுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டச்சைக்கிளால விழுந்து மூக்கெலும்பு உடைஞ்ச ஆக்களும், மூக்கு சப்பை எண்டு கவலைப்படுற பிள்ளையளும் இப்ப எங்கட பக்கம் மூக்கு ஒப்பரேசன் பற்றி நிறைய விசாரிக்கினம். செய்யிறதில ஒரு பிழையும் இல்லை, ஆனா மூக்கை உயர்த்த உள்ளுக்க வைக்கிற சாமான் என்ன எண்டு கேக்காமலே போய்ப் படுக்கினம், அதுதான் எனக்குப் பயம்.

என்ர பெறாமகளுக்கு ஒரு தனியார் இடத்தில சிலிக்கன் வச்சவை. கொஞ்சக்காலம் நல்லாத்தான் இருந்தது, பிறகு நுனி சிவந்து தோல் மெழுகு பூசின மாதிரி மினுங்கி, லைற்றுக்கு நேர நிண்டா உள்ளுக்க இருக்கிற துண்டின்ர விளிம்பே தெரியத் தொடங்கி, கடைசியா எடுக்க வேண்டி வந்திட்டுது. முதல் அவளுக்குச் சொன்னது "சின்னத் துண்டொண்டு வைப்பம்" எண்டது மட்டும்தான், சைன் வச்ச கடுதாசி முழுக்க இங்கிலீசு.

சிலிக்கன் சதையோட ஒட்டாது, உடம்பு அதைச் சுத்தி ஒரு சவ்வு கட்டும், அதால அசையலாம், ஆனா எடுக்கிறது லேசு. மெட்போர் எண்டுற இன்னொரு பிளாஸ்டிக் சாமானில சின்னச்சின்ன ஓட்டையள் இருக்கு, அதுக்குள்ள சதை வளந்து இறுக்கிப் பிடிக்கும், கிருமி தொத்தினா எடுக்கிறது பெரிய பாடு. ரெண்டும் ஒண்டில்லை, நோயாளிக்கு இது தெரிய வேணாமோ? கொரியாப் பக்கம் சிலிக்கன் கனகாலமாப் பாவிக்கினம், எல்லாருக்கும் பிரச்சினை வாறதில்லைத்தான். ஆனா தோல் மெல்லிசா இருந்தாலோ, விபத்தில தழும்பு விழுந்திருந்தாலோ, நுனி வரைக்கும் இறங்கிற எல் வடிவத் துண்டு வச்சாலோ தோலைத் தள்ளிக்கொண்டு வெளிய வாற ஆபத்துக் கூட.

மூக்கின்ர நடுச்சுவர், காது, விலா எண்டு எங்கட சொந்தக் குருத்தெலும்பை எடுத்தும் செய்யலாம். கிருமி தொத்துறது குறைவு. விலாவில தழும்பு வரும், வச்ச துண்டு வளையவும் கூடும், அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேணும்.

டொக்டர்மாரிட்ட நான் கேக்கிறது, சம்மதக் கடுதாசியைத் தமிழில தாங்கோ, சாமானின்ர பேரை அதில எழுதுங்கோ, பெட்டியில வாற லொட் நம்பர் (எந்தத் தொகுதியில செய்தது எண்டு காட்டுற இலக்கம்) ஸ்ரிக்கர் ஒண்டை நோயாளியின்ர கையில குடுங்கோ. கிருமி வருசக்கணக்குக் கழிச்சும் வரலாம், அப்ப பாக்கிற டொக்டருக்கு உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு தெரிய வேணும். இலங்கையில 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவ சாதனங்களைப் பதியிறது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, வைக்கிற சாமான் அங்க பதிஞ்சதோ எண்டும் தாய் தகப்பன் வாய் திறந்து கேளுங்கோ.

ஏற்கெனவே வச்ச ஆக்கள், சிவப்போ வீக்கமோ கண்டா பாமசியில களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு இருக்காமல் உடன ஈ.என்.ரி. (காது, மூக்கு, தொண்டை) டொக்டரிட்டயோ செய்த சேர்ஜனிட்டயோ ஓடுங்கோ.

ஒரு வாசகி,
கோண்டாவில்