பேக்கப் வேகமும் செஷன் எண்ணிக்கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்வர்களின் தகவலை நகலெடுத்து வைக்கும் பேக்கப் வேலை இரவில் தொடங்கி விடிவதற்குள் முடியவில்லை என்றால், ஒரே நேரத்தில் ஓடும் செஷன்களின் (தனித்தனி நகலெடுப்பு வேலைகளின்) எண்ணிக்கையைக் கூட்டிவிடுவது பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. சர்வர் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் நான்கு செஷன்களைப் பதினாறாக உயர்த்தினார்கள். மறுநாள் கவுண்டர் திறந்த பிறகும் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் அறைக்குள் போய் நின்றால், நகலைக் காந்த நாடாவில் எழுதும் டேப் டிரைவ் சீராக இரையாமல், சிறிது ஓடி, நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடுவது காதிலேயே தெரிந்தது. பதினாறு செஷன்களும் ஒரே ஹார்டு டிஸ்க்குகளில் இருந்து படித்ததால், படிக்கும் முனை அங்குமிங்கும் தாவுவதிலேயே நேரம் போய், டேப்புக்குத் தகவல் போதிய வேகத்தில் வந்து சேரவில்லை. இப்படி முன்னும் பின்னும் இழுபட்டால் டேப்பும் டிரைவும் விரைவில் தேய்ந்துபோகும்.

எல்டிஓ-8 வகை டேப் டிரைவ், சுருக்காத தகவலை நொடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். ஒரு கிகாபிட் நெட்வொர்க் இணைப்போ நொடிக்கு 125 மெகாபைட்டைத் தாண்டாது. ஆகவே தனித்தனி டிஸ்க்கும் இணைப்பும் உள்ள மூன்று நான்கு சர்வர்களிலிருந்து, 10 கிகாபிட் இணைப்புள்ள பேக்கப் சர்வருக்கு ஒரே நேரத்தில் எடுப்பது நிச்சயம் பலன் தரும். ஒரே டிஸ்க்கைப் பல செஷன்கள் பங்கிட்டால் அந்தப் பலன் கிடைக்காது.

இன்னொன்றையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பல செஷன்களின் தகவல் ஒரே டேப்பில் துண்டு துண்டாகக் கலந்து எழுதப்படும்போது, பின்னாளில் ஒரு சர்வரை மட்டும் மீட்க மற்றவற்றின் துண்டுகளையும் கடந்து படிக்க வேண்டியிருப்பதால், இரவில் மிச்சப்படுத்திய நேரத்தை நெருக்கடி வேளையில் இழக்கிறோம். இதைக் குறைக்க, தகவலை முதலில் வேகமான டிஸ்க்கில் சேர்த்து, பிறகு மொத்தமாக டேப்புக்கு அனுப்பும் வசதி, இலவசமாகக் கிடைக்கும் பக்குலா என்ற பேக்கப் மென்பொருளில்கூட உண்டு. அதில் செஷன் வரம்பை டைரக்டர் (வேலைகளை ஏவும் பகுதி), ஸ்டோரேஜ் (டேப்பில் எழுதும் பகுதி), கிளையன்ட் (நகலெடுக்கப்படும் சர்வர்) என ஒவ்வோரிடத்திலும் பார்க்க வேண்டும். எங்கே எண் குறைவோ அதுவே செல்லும்.

மருத்துவமனைகளும் கூட்டுறவு வங்கிகளும் பேக்கப் ஒப்பந்தம் போடும்போது, எத்தனை செஷன் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு சர்வரை முழுமையாக மீட்டுக் காட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நேரில் சோதித்து, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணினி நிர்வாகி,
மதுரை.