52ஆம் நம்பர் கிளிப்: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வருகிற தையோடு நம் மாடல் விமான கிளப்புக்கு 30 வருஷம். மலர் போடுகிறார்கள். கிளப்பின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. 2003 மார்ச் வரைக்கும் வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையில் பேனா நிற்கிறது.

போனில் கேட்டால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்க இங்கே எழுதுகிறேன். இதற்கு நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள்.

அதுவரை உள்ளதை நல்லபடியாகவே எழுதியிருக்கிறேன். கோவையில் படித்தபோது என்சிசி ஏர் விங்கில் நீங்கள் கண்ட்ரோல் லைன், அதாவது கம்பியில் கட்டிச் சுற்றவிடுகிற மாடல் விமானம், பழகியது, இரண்டு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றித் தலை கிறுகிறுத்து விழுந்தது, வைண்டிங் கடைப் பின்கட்டில் ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து விமானத்துக்கான குட்டி டீசல் எஞ்சினை ஓட்டியது, ஒன்றையும் விடவில்லை. அப்புறம் கயத்தாறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரன்வே, வெடிப்பில் முள் முளைத்த தளம், சுற்றிலும் கரிசல். கோவில்பட்டியிலிருந்து இருட்டோடு கிளம்பினால்தான் காற்று எழும்புவதற்குள் நாலு தடவை பறக்கவிட்டு இறக்கலாம். ஆனி, ஆடியில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அந்தக் காற்றை நம்பித்தானே அங்கே அத்தனை காற்றாலை நட்டான்! இறக்கையில் உடைந்த ரிப்புக்கு, அதன் விலா எலும்புக்கு, எடையில்லாத பால்சா மரம் கிடைக்காமல், தீப்பெட்டிக்கு வரும் மெல்லிய மரச்சீவலை வாங்கி வந்து ஒட்டினீர்களே, அதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறேன்.

இனிமேல் உள்ளது உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது கீழே நின்று விமானத்தை ஓட்டுகிற ரேடியோ எல்லாம் 72 மெகாஹெர்ட்ஸ். ஒரே சானலில் இரண்டு பேர் ரேடியோவைப் போட்டால் மேலே பறக்கிற விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாது. அதனால்தான் அண்ணாச்சியின் பலகை. சானல் நம்பர் எழுதிய துணி கிளிப்புகளை அதில் மாட்டியிருப்பார். உன் நம்பர் கிளிப் உன் ஏரியலில் இல்லாமல் நீ சுவிட்சைத் தொடக்கூடாது. அவர் போட்ட ஒரே சட்டம் அது.

எனக்கு 19 வயது. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த புது கிரிஸ்டலில், ரேடியோவின் சானலை முடிவு செய்கிற அந்தச் சின்ன வில்லையில், 52 என்று போட்டிருந்தது. அன்று 52ஆம் நம்பர் கிளிப் உங்கள் ஏரியலில் இருந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. வேலை செய்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்து அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். வேன் மறைவில் நின்று ஏரியலை முழுக்க இழுத்தேன். ஐந்து விநாடிகூட இருக்காது. ஐந்து விநாடி என்று சொல்லித்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக நீங்கள் செய்த ஆறடி இறக்கை. இடது பக்கம் சாய்ந்தது, ஒரு தடவை உதறியது, மூக்கு கீழே திரும்பியது. எஞ்சின் கடைசிவரை முழு வேகத்தில் கத்திக்கொண்டே போய்க் கரிசலுக்குள் இறங்கியது. எல்லோரும் விமானத்தைப் பார்த்து ஓடினார்கள். நீங்கள் மட்டும் வேன் பக்கம் வந்தீர்கள். என் கையைப் பார்த்தீர்கள். உள்ளங்கையால் ஏரியலை அழுத்தி, ஒவ்வொரு கண்ணியாக உள்ளே இறக்கினீர்கள். "பெட்டில வைடே" என்றீர்கள். அவ்வளவுதான்.

பிறகு அங்கே போய், "சர்வோ ஒயரு விட்டுட்டுல, வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னீர்கள். சர்வோ என்றால் சுக்கானை அசைக்கிற குட்டி மோட்டார்.

அந்த ஒயருக்குப் பற்றவைத்தவர் ஒருவர் இருந்தாரே, அண்ணாச்சி. அவர் பேரை நான் எழுதப்போவதில்லை, எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும். முந்தின ராத்திரி உங்கள் கடையில் உட்கார்ந்து பற்றவைத்தவர். எல்லோரும் சிதறலைப் பொறுக்கும்போது அவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. அதை அவர் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. மூன்று ஞாயிறு வந்தார். யாரும் அவரிடம் ஒயர் வேலை கொடுக்கவில்லை. நாலாவது ஞாயிறு வரவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். வேனில் திரும்பும்போது சொல்லியிருக்கலாம், உங்கள் கடையில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஒன்று சொன்ன பிறகு அதை மறுத்துப் பேசுகிற பையனாகவா என்னை வளர்த்தீர்கள்? அன்றைக்கே எல்லோர் முன்னாலும் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். வலித்து முடிந்திருக்கும். அதற்குப் பதில் என்னைக் கடன்காரனாக்கிவிட்டீர்கள். அடுத்த வாரமே எனக்கு லேண்டிங் சொல்லிக்கொடுத்தீர்கள், என் தோளுக்குப் பின்னால் நின்று, "விடு, விடு, அதுவே இறங்கும்" என்று அத்தனை மெதுவாக. என் விரல் நடுங்கியது விமானத்துக்குப் பயந்து இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த வேன் யாருடையது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த வேன் இல்லாவிட்டால் கயத்தாறும் இல்லை. நீங்கள் காப்பாற்றியது என்னையா, வேனையா? இதற்குமேல் எழுதமாட்டேன். அம்மா இதைப் படிப்பாள்.

அப்படிக் கேட்டதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் அழிக்கமாட்டேன்.

மிச்ச வரலாறு இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். தானே காலி சானலைப் பார்த்துக்கொள்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தது, கிளிப்புக்கும் பலகைக்கும் வேலை இல்லாமல் போனது. பால்சா போய் ஃபோம், விளக்கெண்ணெய் வாசம் போய் பேட்டரி. 2014இல் ஆளில்லா விமானங்களை டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்து இயக்குநரகம், தடுத்தபோது பாதிப் பேர் பயந்து பெட்டியைப் பரணில் போட்டார்கள். 2021 ட்ரோன் விதிகளில், பொழுதுபோக்குக்காகக் கண் பார்வைக்குள் பறக்கவிடுகிற 25 கிலோவுக்கு உட்பட்ட மாடலுக்குத் தனியாகவே ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். பரணில் போட்டவர்கள் திரும்ப இறக்கவில்லை. அதற்குள் நீங்களும் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். போகிற அன்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலகையை மட்டும் என் வீட்டு வாசலில் சாத்திவைத்துவிட்டுப் போனீர்கள். 52ஆம் நம்பர் கிளிப் அதில் இல்லை.

20ஆம் தேதி பிரஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு வரி எழுதியிருக்கிறேன். "ஒயர் அறுந்தது" என்று அதில் இருக்காது. ரேடியோவைப் போட்டது நான் என்று இருக்கும். ஏரியலை யார் உள்ளே தள்ளினார்கள் என்பதை எழுதவா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். இங்கே எழுதிவிட்ட பிறகு என்ன கேள்வி என்று திட்டுவீர்கள். மலர் வேறு, அண்ணாச்சி. அந்த ஒயரைப் பற்றவைத்தவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிற மலர் அது.

கண் ஆபரேஷன் ஆன பிறகு தூரத்தில் உள்ளது நன்றாகத் தெரிகிறதா?

அந்த எஞ்சின் என்னிடம்தான் இருக்கிறது. அன்று மண்ணோடு தோண்டி எடுத்ததை ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி வைத்தேன். போன மாதம் புது பிளக் மாட்டி, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் நாலுக்கு ஒன்றாகக் கலந்து ஊற்றினேன். விசிறியை மூன்றாவது தடவை தட்டிவிட்டதும் பிடித்துக்கொண்டது.

உங்கள்,
வேன் வீட்டுப் பையன்