வாட்ச் விற்ற இருவர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நீங்கள் வராதது அவளுக்கு வருத்தம்தான், போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா டிவியில் ஓர் அமெரிக்கப் படம் போட்டாள். ‘தி இன்டர்ன்ஷிப்’ என்று 2013-ல் வந்தது. வின்ஸ் வானும் ஓவன் வில்சனும் நடித்தது. வாட்ச் விற்கிற இரண்டு பேரின் கதை என்றாள், உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாடிக்கையாளருக்கு விருந்து வைத்து ஆர்டர் பிடிக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கம்பெனியையே மூடுகிறார்களே, தெரியாதா என்று அந்த ஆள்தான் சொல்கிறார். அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் விஷயம் வெளியாள் வாய் வழியாக நமக்கு வந்து சேருவது எவ்வளவு சங்கடம் தெரியுமா?

எல்லோரும் போனிலேயே மணி பார்க்கிறார்கள், இனி வாட்ச் யாருக்கு வேண்டும் என்பதுதான் முதலாளி சொல்லும் காரணம். அது நம் டவுன்ஹால் ரோடு கடையில் நான் கண்ணால் பார்த்ததுதானே. 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியையே 2016-ல் மூட முடிவெடுத்தார்கள். அவர்களுடைய ஜனதா வாட்சையும் பைலட் வாட்சையும் எத்தனை தடவை பிரித்துப் பூட்டியிருப்பேன். அவ்வளவு சுத்தமான வேலை. அதைச் செய்தவர்களைத் திறமையில்லாதவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? காலம் மாறியது, கம்பெனி போனது. அதில் வேலை பார்த்தவன் மேல் என்ன குற்றம்? இதை நீ மனதில் வைத்துக்கொள்.

அப்புறம் அந்த இரண்டு பேரும் கூகுளில் பயிற்சிக்கு மனுப் போடுகிறார்கள். இன்டர்வியூ கேமராவில். நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். நாணயம் அளவுக்குச் சுருங்கி மிக்ஸிக்குள் கிடந்தால் என்ன செய்வாய் என்று கேள்வி! உள்ளே போனால் சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள். குழுக்களாகப் பிரித்துப் போட்டி, ஜெயிக்கிற குழுவுக்குத்தான் வேலை. இவர்களை யாரும் குழுவில் சேர்த்துக்கொள்வதில்லை, மிஞ்சியவர்களோடு மிஞ்சியவர்களாகச் சேருகிறார்கள். கடைசியில் ஒரு பீட்சா கடைக்காரரை விளம்பரம் கொடுக்கச் சம்மதிக்க வைத்து ஜெயிக்கிறார்கள். அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. கம்ப்யூட்டர் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடைக்காரர் முன்னால் நின்று பேச இவர்களுக்குத் தெரியும். முடிவு சினிமா முடிவுதான், நிஜத்தில் ஒரே கோடைக்காலத்தில் எல்லாம் கூடிவராது. ஆனாலும் இத்தனை வருஷம் கற்றது வீணாகப் போகாது, தம்பி.

நான் சென்னை ரிச்சி தெருவில் செல்போன் சர்வீஸ் படித்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது எனக்கு ஐம்பது வயது. சொல்லிக்கொடுத்த பையனுக்கு உன் வயதுகூட இருக்காது, நான் அவனை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டேன். போர்டில் இருந்து ஐசியை, அதாவது அந்தச் சின்னச் சிப்பை, எடுக்கச் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான். ட்வீசரை நான் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, “உங்க கை ஆடவே இல்லையே சார்” என்று அவன் என்னைச் சார் என்றான். அது வாட்சுக்குள் இருக்கும் மெல்லிய சுருள் கம்பி, ஹேர்ஸ்பிரிங், பழக்கிய கை. அந்தச் செல்போன் தொழில்தான் உன் தங்கை கல்யாணத்தை நடத்தியது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நீ போன் பண்ணினாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. ஆபீஸ் நேரத்தில் நீ பேசியதே கிடையாது. அம்மாவிடம் லீவு என்று சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். கடையில் வருவது எங்கள் இரண்டு பேருக்கும் போதும். பேரனின் ஸ்கூல் பீஸ் எப்போது கட்ட வேண்டும் என்று மட்டும் எழுது, அது தாத்தா கட்டுவது.

நம் தெருவிலேயே முதலில் இன்ஜினியர் ஆனவன் நீ. இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் உன்னைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டேன். ஆனால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிவது எனக்குத் தெரியாமல் இருப்பது சரியா, நீயே சொல். கோபமாக எழுதவில்லை. காய்ச்சல் வந்தாலும் சொல்லாத பிள்ளை நீ, அதனால்தான் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வேறு ஆள் கேட்டார்கள், நான் யாருக்கும் விடவில்லை. வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரிக்குள் வந்துவிடலாம், பிள்ளைகளுக்கும் லீவுதானே. அம்மாவுக்குத் தெரியாமல் பேச வேண்டுமென்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்குப் போன் பண்ணு. அந்த நேரத்தில் நான் தனியாகத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா